ஒடுக்கப் படகும் பெருக்கு நீரும்

கால்வாய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பொறியியலாளர்களைப் பற்றியும் முதலீட்டாளர்களைப் பற்றியுமே எழுதினர். மலையைக் குடைந்தவர் யார், ஆற்றின் மேலாக நீர்ப்பாலம் கட்டியவர் யார், பங்குகளை வாங்கியவர் யார் என்பனவெல்லாம் விரிவாகப் பதிவாகியுள்ளன. கால்வாய் முடிந்து, கடல் ஏறியிறங்கும் ஆறு தொடங்குகின்ற இடத்தில் படகைக் கட்டிவிட்டுக் கதவு திறக்கும் வேளைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த நூல்களில் கிடைத்த இடம் சொற்பமே. ஆயினும் ஒரு படகின் இயல்பு சோதனைக்குள்ளாவது அந்த எல்லையில்தான். இங்கிலாந்தின் ஒடுக்கப் படகுகளை உதாரணமாகக் கொண்டு அந்த எல்லையின் வரலாற்றைச் சற்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் 'நெரோபோட்' என அழைக்கும் இப்படகை முதலில் அறிமுகஞ் செய்துகொள்வது நல்லது. இதன் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ 70 அடி வரை செல்லும். அடிப்பாகம் தட்டையானது. கடற்படகுகளுக்கு இருப்பது போன்ற ஆழமான அடிக்கட்டை இதற்கில்லை. நீருக்குள் இரண்டு மூன்று அடி மட்டுமே அமிழ்ந்திருக்கும். தொலைவில் நின்று பார்த்தால் யாரோ ஒரு புகைவண்டிப் பெட்டியை நீரில் மிதக்கவிட்டது போலத் தோன்றும். அலையற்ற கால்வாயில் இதைவிடச் சிக்கனமான வாகனம் கிடையாது. ஒரு குதிரை கரையில் நடந்தவாறே இருபத்தைந்து தொன் அளவிலான சுமையை இழுத்துச் செல்லும். அதே படகு கடல் நீர் புரளும் ஆற்றில் இறங்கினால், கால்வாயில் அதன் பலமாக இருந்த ஒவ்வோர் அம்சமும் அங்கே பலவீனமாக மாறிவிடுகின்றது.

ஏழடியின் கதை

இந்த ஏழடி எங்கிருந்து வந்தது? 1761ஆம் ஆண்டு பிரிட்ஜ்வோட்டர் பிரபுவின் கால்வாய் திறக்கப்பட்டது. வேர்ஸ்லியிலிருந்த அவரது நிலக்கரிச் சுரங்கத்தையும் மன்செஸ்டர் நகரையும் இணைப்பதே அதன் குறிக்கோள். அப்பணியில் ஈடுபட்ட ஜேம்ஸ் பிரின்ட்லி முறையான கல்வி பெறாதவர். ஆலைகளின் சக்கரங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைவினைஞர். நகரில் நிலக்கரியின் விலை பாதியாகக் குறைந்தது. அதைக் கண்ட மற்றையோரும் கால்வாய் வெட்ட முன்வந்தனர். மட்பாண்ட உற்பத்தியாளர் ஜொசையா வெட்ஜ்வூட் அவர்களுள் முக்கியமானவர். அவரும் அவருடைய சகாக்களும் முன்னின்று நடத்திய ட்ரெண்ட்-மெர்சி கால்வாயின் வேலை 1766இல் தொடங்கியது.

அந்தக் கால்வாயின் வழியில் ஹெயார்காஸில் என்ற குன்று குறுக்கிட்டது. அதனூடாக 2,880 யார் நீளமான சுரங்கம் குடைய வேண்டியிருந்தது. அகலமான சுரங்கத்திற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. மேட்டு நிலத்தில் தண்ணீரும் அருமை. படகை ஏற்றி இறக்குவதற்கென இரு கதவுகளுக்கிடையே நீரை நிரப்பி வடிக்கும் அமைப்பை 'லொக்' என்பர். நாம் நீர்ப்பூட்டு எனலாம். பூட்டு அகலமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் அதிக நீர் கீழே போய்விடும். ஆகவே பூட்டுக்களை 7 அடி அகலமும் 72 அடி அளவு நீளமும் கொண்டனவாக அமைப்பதென முடிவாயிற்று. பிரின்ட்லி 1772இல் காலமானார். கால்வாய் 1777இல் பூர்த்தியடைந்தது. அதன் பின்னர் மத்திய இங்கிலாந்தில் வெட்டப்பட்ட பல கால்வாய்கள் அதே அளவைப் பின்பற்றின. பூட்டின் அளவு படகின் அளவாயிற்று. படகின் அளவு அதில் வாழ்ந்த குடும்பத்தின் வீட்டு அளவுமாயிற்று.

ஆக, ஒடுக்கப் படகின் ஒடுக்கம் கடலை நினைத்துச் செய்யப்பட்டதன்று. அது ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது. பிரின்ட்லியின் கனவோ தேம்ஸ், ட்ரெண்ட், மெர்சி, செவேர்ன் ஆகிய நான்கு பெரிய ஆறுகளையும் சிலுவை வடிவில் இணைப்பதாக இருந்தது. 1790இல் ஒக்ஸ்போர்ட் கால்வாய் தேம்ஸை எட்டியபோது அக்கனவு நிறைவேறியது. ஆனால் அந்நான்கு ஆறுகளும் கடலை நோக்கிச் செல்பவை. கடலை விட்டு விலகி நிற்பதற்கென்றே அளவெடுக்கப்பட்ட ஒரு படகை, கடலின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திய ஏற்பாடு இது. இந்த முரண்பாட்டை அன்றைய கால்வாய்க் கம்பனிகளும் நன்கறிந்திருந்தன.

பிறையின் கணக்கு

வற்றுப்பெருக்கு என்பது நம் நாட்டவருக்குப் பெரிதாக உறைக்காத ஒரு விடயம். கொழும்பிலோ காலியிலோ கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. லண்டன் நகரின் நடுவே தேம்ஸ் நதி 6 மீற்றருக்கும் மேலாக ஏறி இறங்குகின்றது. செவேர்ன் ஆற்றின் கழிமுகத்திலோ உச்ச காலங்களில் அது 14 மீற்றரைத் தொடுகின்றது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் உயரத்திற்கு நீர் ஏறி, ஆறு மணித்தியாலத்துக்குள் அத்தனையும் வடிந்து சேற்று மேடுகள் வெளித்தெரிவதை எண்ணிப் பாருங்கள். கதவைத் தவறான வேளையில் திறந்தால் படகு விழுவதற்குத் தண்ணீரே இராது.

இந்த ஏற்ற இறக்கம் சந்திரனைப் பின்பற்றுவது. தலைப்பிறையையும் பதினான்காம் பிறையையும் எண்ணி வாழும் நமக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாட்களில் பெருக்கு உச்சமடையும். எனவே ஹிஜ்ரி மாதத்தின் தொடக்க நாட்களிலும் நடுப்பகுதியிலும் நீர் மிக உயரும், மிகத் தாழும். ஏழாம் எட்டாம் பிறையிலும், இருபத்திரண்டாம் பிறையை அண்டியும் அதன் வீச்சு குறையும். ஒவ்வொரு நாளும் பெருக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிந்தி வரும். பள்ளிவாசலில் பிறைக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுத்தால், தேம்ஸ் நதிக்கரையில் அவர் பட்டினி கிடக்க மாட்டார்.

இவ்விடத்தில் ஒரு முஸ்லிம் அறிஞரை நினைவுகூர்வது பொருத்தமானது. பல்கு நகரில் பிறந்து 886இல் மறைந்த அபூ மஃஷர், சோதிடக் கலை பற்றிய தமது பெரிய அறிமுக நூலில் வற்றுப்பெருக்கைச் சந்திரனுடன் தொடர்புபடுத்தி விரிவாக ஆராய்ந்தார். அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டது. மத்தியகால ஐரோப்பா இவ்விடயத்தைக் கற்றுக்கொண்ட முக்கிய ஊற்றுக்களில் அதுவும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஓல்பன்ஸ் மடாலயத்தின் கையெழுத்துப் பிரதியொன்றில் லண்டன் பாலத்தில் பெருக்கு வரும் வேளை, பிறையின் வயதுக்கேற்ப ஒரு நாளைக்கு 48 நிமிடம் கூட்டி அட்டவணையாக எழுதப்பட்டிருக்கின்றது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய வற்றுப்பெருக்கு அட்டவணையாக அது கருதப்படுகின்றது. நியூட்டன் ஈர்ப்பு விசையைக் கொண்டு காரணத்தை விளக்கியது 1687இல். படகோட்டிகளுக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே கணக்குத் தெரிந்திருந்தது.

தமிழில் வழங்கும் 'மாலுமி' என்ற சொல்லும் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததாகும். கடலில் வழிகாட்டுபவன் ஓர் ஆசிரியன் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் உறைந்திருக்கின்றது. ஒடுக்கப் படகின் கதைக்கும் அந்த ஆசிரியன் தேவைப்படுகின்றான்.

கைமாறும் ஊர்கள்

கால்வாய்க் கம்பனிகள் தம் முரண்பாட்டைத் தீர்த்த வழி எளிமையானது. படகை எல்லையில் நிறுத்திவிட்டுச் சுமையை மட்டும் கைமாற்றினார்கள். கோர்ன்வோல் பகுதியிலிருந்து வெண்களிமண் கடற் கப்பலில் மெர்சி ஆற்றுக்கு வந்தது. ரன்கோன், பிரெஸ்டன் புரூக் போன்ற இடங்களில் அது ஒடுக்கப் படகுகளுக்கு மாற்றப்பட்டு, உள்நாட்டு மட்பாண்ட நகரங்களுக்குச் சென்றது. பீங்கான் பொருட்களாகித் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடியும் கப்பலுக்கு ஏறியது. தெருவழியே கொண்டுசென்றால் உடையும் பீங்கான், நீர்வழியில் உடையாமல் கடல்வரை வந்தது. செவேர்ன் ஆற்றில் 'ட்ரோ' எனப்பட்ட பாய்க்கப்பல்களும், மெர்சியில் 'ப்ளட்' எனப்பட்டவையும், தேம்ஸில் 'லைற்றர்' எனப்பட்ட சரக்குத் தோணிகளும் எல்லைக்கு அப்பாலுள்ள பணியைச் செய்தன. அவை அகலமானவை, அலையைத் தாங்கக்கூடியவை.

இக்கைமாற்றத்தினால் ஊர்களே உருவாகின. 1772இல் கால்வாய் செவேர்ன் ஆற்றைச் சந்தித்த இடத்தில் எழுந்த ஸ்டோர்போர்ட் அதற்கு முன்னர் சொல்லும்படியான ஓர் ஊராக இருக்கவில்லை. லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்ட் அத்தகைய இன்னொரு வாசல். அங்கிருந்து பிரவுன்ஸ்டன் வரை வெட்டப்பட்ட கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் 1805இல் முழுமையடைந்தது. நகரின் கிழக்கே லைம்ஹவுஸில் ரீஜன்ட்ஸ் கால்வாய் தேம்ஸை எட்டியது 1820இல். இந்த இரு வாசல்களுக்குமிடையே நகரைச் சுற்றிக் கால்வாய் வழியாகவும் வரலாம். நகரின் ஊடாக ஆற்று வழியாகவும் வரலாம். ஆற்று வழி பதினாறு மைல் அளவு. பூட்டுக்களைத் திறந்து மூடும் சிரமம் இல்லை. ஆனால் அங்கே குதிரை நடக்கக் கரை கிடையாது. ஆகவே ஆற்றில் இறங்கிய ஒடுக்கப் படகுகள் பெரும்பாலும் இழுவைப் படகொன்றின் பின்னால், பக்கத்தோடு பக்கமாகப் பிணைக்கப்பட்டே சென்றன. தனித்தனியே ஆடினால் கவிழக்கூடியவை, ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டால் அகலமான ஒரு மிதவையாகிவிடும்.

தேம்ஸின் படகோட்டிகளுக்கென 1555இலேயே ஒரு சங்கம் சட்டபூர்வமாக அமைந்திருந்தது. 1700இல் சரக்குத் தோணிக்காரரும் அதில் சேர்க்கப்பட்டனர். பல ஆண்டுகள் ஒருவரிடம் தொழில் பயின்ற பின்னரே ஆற்றில் தனித்து இயங்க அனுமதி கிடைக்கும். கால்வாய்ப் படகோட்டிக்கு அத்தகைய சங்கமோ பத்திரமோ இருக்கவில்லை. 10 அடிக்கு மேற்படாத ஓர் அறைக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வாழ்ந்தனர். பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் நடத்திய இயக்கத்தின் பயனாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும், அறைகள் பரிசோதிக்கப்பட வேண்டும் என்றாயிற்று. அச்சட்டங்கள் நல்லவையே. ஆயினும் அவை தோன்றிய விவாதங்களில் இம்மக்கள் அழுக்கும் அறியாமையும் நிறைந்தவர்களாக மாத்திரமே சித்திரிக்கப்பட்டனர். எழுத்தறியாத அதே மக்கள் எந்தப் பூட்டில் எந்த நேரத்தில் நீர் எவ்வளவு இருக்கும், எந்தக் காற்றில் ஆற்றில் இறங்கக் கூடாது என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்தனர் என்பதை யாரும் அறிவாகக் கணக்கெடுக்கவில்லை. உழைக்கும் மக்களின் அறிவு ஏட்டில் ஏறாமல் போவது நமது கரையோரச் சமூகங்களும் நன்கறிந்த அநியாயந்தான்.

செவேர்ன் சொல்லும் பாடம்

எல்லையின் கடுமையை எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்வது செவேர்ன் ஆறு. க்ளொஸ்டர் நகருக்குக் கீழே அது வளைந்து நெளிந்து, மணல் மேடுகளை இடம் மாற்றிக்கொண்டே கடலை நோக்கிச் செல்கின்றது. பெருக்கு நீர் சில நாட்களில் சுவர் போன்ற ஓர் அலையாகவே ஆற்றை எதிர்த்து ஏறி வரும். இதைத் தவிர்ப்பதற்காக ஷாப்னெஸிலிருந்து க்ளொஸ்டர் வரை 16 மைல் நீளமான கால்வாயொன்று வெட்டப்பட்டது. 1794இல் தொடங்கிய வேலை, பணமுடையால் தடைப்பட்டுத் தடைப்பட்டு 1827இலேயே நிறைவுற்றது. ஆற்றுக்கு அருகிலேயே, அதற்கு இணையாக, ஆற்றை நம்பாமல் ஒரு நீர்வழி! ஆற்றை அறிந்தவர்களின் தீர்ப்பு அது.

கால்வாய் வந்த பின்னரும் ஷாப்னெஸ் வாசலை அடைவதற்குக் கழிமுகத்தைக் கடந்தே ஆகவேண்டும். 1960 ஒக்டோபர் 25ஆம் திகதி இரவு அங்கே அடர்ந்த மூடுபனி. எரிபொருள் ஏற்றிவந்த 'ஆர்க்கண்டேல் எச்', 'வேஸ்ட்டேல் எச்' என்ற இரு தாங்கிப் படகுகள் ஷாப்னெஸ் வாசலைத் தவறவிட்டன. பெருக்கு அவற்றை மேல்நோக்கி இழுத்துச் சென்றது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட நிலையில், 1879இல் திறக்கப்பட்ட செவேர்ன் புகையிரதப் பாலத்தின் தூணொன்றில் போய் முட்டின. பாலத்தின் இரு கண்கள் அவற்றின் மேல் சரிந்தன, ஆறே தீப்பற்றியது. எட்டுப் பேரில் ஐவர் மாண்டனர். பாலம் மறுபடி கட்டப்படவில்லை. பின்னர் உடைத்து அகற்றப்பட்டது.

அவை ஒடுக்கப் படகுகளல்ல. கழிமுகத்திற்கென்றே கட்டப்பட்ட, இயந்திர வலு மிக்க படகுகள். செலுத்தியவர்கள் அந்த ஆற்றிலேயே தொழில் செய்தவர்கள். அறிவும் வலுவும் இருந்தும், பார்வை மறைந்த சில நிமிடங்களில் நீர் தன் போக்கில் கொண்டுபோய்விட்டது. ஏழடி அகலப் படகை இந்நீரில் இறக்காமல் எல்லையில் நிறுத்திய பழைய கால்வாய்க்காரர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்ல முடியாது.

சுமை போன பின்னர்

புகையிரதமும் பின்னர் லொறியும் கால்வாய்களின் தொழிலைப் பறித்தன. 1948இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோனதால் எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தும் பெருமளவில் அற்றுப்போனது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த தேசிக்காய்ச் சாற்றைப் பிரென்ட்ஃபோர்ட்டிலிருந்து பொக்ஸ்மூருக்கு ஏற்றிச் சென்ற படகுகள் 1981 வரை நின்றுபிடித்தன.

ஆனால் படகு சாகவில்லை. எல்.ரி.சி. ரோல்ற் தமது 'கிரெஸி' என்ற படகில் மேற்கொண்ட பிரயாணத்தைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வெளியாயிற்று. மக்களின் கவனம் கைவிடப்பட்ட கால்வாய்களின் பக்கம் திரும்ப அது காரணமாயிற்று. 1946இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காப்பதற்கான சங்கம் ஒன்று தோன்றியது. ஓர் எழுத்தாளனின் ஒரு நூல் ஒரு நாட்டின் நீர்வழிகளைக் காப்பாற்ற உதவிய இந்நிகழ்வு எழுதுவோருக்கு ஆறுதல் தரக்கூடியது. இன்று இங்கிலாந்தினதும் வேல்ஸினதும் நீர்வழிகளில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. அவை உல்லாசத்திற்கும் குடியிருப்பிற்கும் உரியவை. கைமாற்றுவதற்குச் சுமை இல்லாதபோது எல்லையில் நிற்பதற்கான பழைய காரணமும் இல்லாமற் போயிற்று. ஆக, முன்னோர் படகை நிறுத்திய இடத்தைத் தாண்டிச் செல்லும் ஆசை புதியவர்களுக்கு வந்தது.

அப்படிச் செல்வதற்கு முதலில் படகின் குறைகளை அறிய வேண்டும். தற்காலப் படகு விதிகள் கலங்களை நான்கு தரங்களாகப் பிரிக்கின்றன. ஒடுக்கப் படகு பொதுவாகக் கடைசித் தரத்தைச் சேர்ந்தது: 0.3 மீற்றர் அலைக்கு மட்டுமே அது உத்தரவாதம். முன்புறத் தளத்தில் மழைநீர் வடிய வைக்கப்பட்ட துளைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலேயே இருக்கும். அலையடித்தால் அவ்வழியே ஆறு உள்ளே வரும். காற்றுத் துவாரங்களும் அவ்வாறே. டீசல் தாங்கியின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு கால்வாயில் அசையாது கிடக்கும். ஆற்றின் ஆட்டத்தில் அது கலங்கி எழுந்து குழாயை அடைக்க, இயந்திரம் நின்றுவிடும். நடு ஆற்றில் இயந்திரம் நின்றால் நங்கூரமே துணை. கால்வாயில் நங்கூரத்திற்குத் தேவையே இல்லாததால் பலரிடம் அது இருப்பதில்லை. இருந்தாலும் முன்புறத்தில் கட்டப்படாமல் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்.

அடுத்தது நேரம். லைம்ஹவுஸிலிருந்து மேற்கே செல்பவர் பெருக்கு ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் புறப்பட்டு, அந்நீரோடு நகரைக் கடப்பார். பிரென்ட்ஃபோர்ட் பூட்டு உச்சப் பெருக்கிற்கு முன்னும் பின்னுமாகச் சுமார் இரண்டு மணித்தியாலங்களே திறக்கும். பிந்தினால் சேறுதான். பூட்டிலிருந்து வெளிவரும் கணமே மிக ஆபத்தானது. அணியம் ஓடும் நீரில், பின்புறம் தேங்கிய நீரில். அறுபதடிப் படகு கதவு போலச் சுழலப் பார்க்கும். பெருக்கு ஒரு திசையிலும் காற்று எதிர்த் திசையிலும் இருந்தால் குறுகிய, செங்குத்தான அலைகள் எழும். அவற்றுக்குப் பக்கத்தைக் காட்டாமல் அணியத்தைக் காட்ட வேண்டும். 1989 ஓகஸ்ட் 20ஆம் திகதி இதே ஆற்றில் 'மார்ச்சியோனெஸ்' என்ற உல்லாசப் படகு மணல் அள்ளும் கப்பலுடன் மோதி மூழ்க, 51 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் அமைக்கும் எண்ணம் வலுப்பெற்று, 2002இல் அவை இயங்கத் தொடங்கின. நகரின் நடுவே ஓடுவதால் ஓர் ஆறு சாதுவாகிவிடுவதில்லை.

ஷாப்னெஸிலிருந்து பிறிஸ்டலுக்குச் செல்வோர் கழிமுகத்தில் தொழில் செய்யும் மாலுமி ஒருவரை ஏற்றிக்கொள்வது வழக்கம். உச்சப் பெருக்கை அண்டிப் புறப்பட்டு, வடியும் நீரோடு போய்ப் போர்ட்டிஷெட்டில் ஒதுங்கி, மறு பெருக்குக்காகக் காத்திருந்து ஏவொன் ஆற்றில் ஏற வேண்டும். இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் நீரோட்டம் 8 கடல் மைல் வேகத்தையும் எட்டும். ஒடுக்கப் படகின் முழு வேகமோ அதில் பாதியளவே. எனவே அங்கே திரும்பி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிழக்குக் கரையில் 'வொஷ்' எனப்படும் அகன்ற ஆழமற்ற விரிகுடாவைக் கடப்போர், வற்றும் வேளையில் மணல் மேட்டின் மீது படகை வேண்டுமென்றே தரைதட்டவிட்டு நீர் திரும்பும் வரை அமர்ந்திருப்பதுமுண்டு. தட்டை அடிப்பாகம் அங்கே வரமாகிவிடுகின்றது. 1216இல் ஜோன் மன்னரின் பொதி வண்டிகளைக் கொண்டுபோனதாகக் கூறப்படுவதும் அந்த விரிகுடாவின் நீரே.

பிரான்ஸ் வரை சென்றவர்களும் இருக்கின்றனர். முதிய வயதில் மனைவியோடும் நாயோடும் தமது ஒடுக்கப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்ஸின் தென்பகுதியை அடைந்த டெரி டார்லிங்டனின் பிரயாண நூல் 2005இல் வெளிவந்து பெரு வரவேற்பைப் பெற்றது. இத்தகைய கதைகளை வாசிக்கையில் மகிழ்ச்சி உண்டாகின்றது. ஆயினும் அவற்றைத் துணிச்சலின் கதைகளாக மட்டும் வாசிப்பது போதாது. காலநிலை அமையும்வரை காத்திருப்பதே இவற்றின் பெரும்பகுதி.

இருநூறு ஆண்டுக் காத்திருப்பு

காத்திருப்பின் உச்சமான உதாரணம் லங்காஸ்டர் கால்வாய். 1797இல் திறக்கப்பட்ட அது ரிபிள் ஆற்றின் மேலாகப் பெரியதொரு நீர்ப்பாலத்தால் தென் திசைக் கால்வாய்களோடு இணைக்கப்பட வேண்டியிருந்தது. பணம் போதவில்லை. 1803இல் தற்காலிகமாக ஒரு தண்டவாளப் பாதை போட்டுச் சமாளித்தார்கள். அந்தத் தற்காலிகம் நிரந்தரமாயிற்று, நீர்ப்பாலம் கட்டப்படவேயில்லை. இரு நூற்றாண்டுகள் அக்கால்வாய் நாட்டின் மற்றைய நீர்வழிகளோடு சேராத தனித் தீவாகக் கிடந்தது.

2002இல் இணைப்பு ஏற்பட்டது. பாலத்தால் அன்று, ஆற்றாலேயே. சாவிக் ஓடையை ஒன்பது பூட்டுக்களுடன் ஒழுங்குபடுத்தி, வற்றுப்பெருக்குள்ள ரிபிள் ஆற்றுக்குள் இறங்கும் வழி செய்யப்பட்டது. படகுகள் ஆற்றில் சில மைல் கீழே சென்று, டக்ளஸ் ஆற்றில் ஏறி, டார்லட்டன் வழியே லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயை அடைகின்றன. ஆண்டின் சில மாதங்களில், நீர் பொருந்தும் நாட்களில் மட்டும், முன்பதிவு செய்தே செல்லலாம். ஒரு நாளுக்கு ஒரு திசைதான். 18ஆம் நூற்றாண்டு ஆற்றுக்கு மேலே ஏறிக் கடக்க நினைத்தது. 21ஆம் நூற்றாண்டு, ஆறு அனுமதிக்கும் நாளைக் கேட்டறிந்து அதனூடாகவே செல்கின்றது. இரண்டாவது வழி செலவு குறைந்தது என்பது உண்மை. அது பணிவு மிகுந்தது என்பதும் உண்மை.

அல்குர்ஆன் அல்ஃபுர்கான், அர்ரஹ்மான் ஆகிய அத்தியாயங்களில் இரு நீர்களையும், அவற்றுக்கிடையே இறைவன் வைத்த பர்ஸக் என்னும் தடுப்பையும் பற்றிப் பேசுகின்றது. மனிதன் கட்டும் தடுப்புக்களோ ஓயாத பராமரிப்பை வேண்டி நிற்பவை. செவேர்ன் ஆற்றின் கரையில் பேர்ட்டன் என்ற கிராமத்தருகே ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையில் ஒடுங்கிய ஒரு மண் அணை உண்டு. 1909இல் அது சரிந்தபோது, அணையைக் காக்கப் பழைய கலங்களைக் கொண்டுவந்து பெருக்கு உச்சத்தில் கரைமேல் ஏற்றி, துளையிட்டு அமர்த்தினார்கள். நீர் அவற்றுள் வண்டலை நிரப்பியது. அதன் பின்னரும் பல தசாப்தங்களாக அவ்வாறே செய்தனர். இன்று அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட கலங்கள் புற்றரைக்குள் புதைந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இதே ஆற்றில் சுமை ஏற்றிய ட்ரோக்களும் அவற்றுள் அடங்கும். சில இடங்களில் சுக்கானும் அணியத்தின் கட்டையும் மட்டுமே வெளியே தெரிகின்றன.

ஒருபுறம் ஏறி இறங்கும் ஆறு. மறுபுறம் அசையாத கால்வாய். அதில் ஒரு ஒடுக்கப் படகு மெல்லப் போகின்றது. இரண்டுக்கும் நடுவே தங்கள் காலத்தில் அந்த ஆற்றை அறிந்திருந்தவர்களின் படகுகள் இன்றும் கரையைத் தாங்கிக் கிடக்கின்றன.